டார்ஜிலிங்கில் குடிமனை யாருக்கு?

டார்ஜிலிங் போகிறவர்கள் விடியும் முன்பே டைகர் ஹில்லுக்கு ஜீப்பில் விரைகிறார்கள். 8,586 மீட்டர் உயரக் காஞ்சன்ஜங்கா சிவப்பதைப் பார்க்கத்தான் வேண்டும். நானும் பார்த்து மலைத்து நின்றேன். ஆனால் வெயில் ஏறியபின் தேயிலைச் சரிவில் நடந்ததுதான் என் மனதில் தங்கிவிட்டது. கூடையின் பட்டையை நெற்றியில் தாங்கியபடி, நேபாளி பேசும் பெண்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்குப் பச்சை இலை நாலு கிலோவுக்கு மேல் வேண்டும். இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலை. வசந்தகால முதல் பறிப்புக்கு வெளிநாடுகளில் எத்தனை மவுசு! கிள்ளிய கைக்கோ, 2023இல் உயர்த்தியபோதும் நாள் கூலி 250 ரூபாய்தான் ஆனது.

அதைவிடக் கொடுமை, தலைமுறைகளாகக் குடியிருக்கும் வீட்டு மண்கூடத் தொழிலாளர்கள் பலரின் பெயரில் இல்லை. தோட்ட நிலத்தில் 15 சதவீதம் வரை சுற்றுலா போன்ற தொழில்களுக்கு 2019இல் மேற்கு வங்க அரசு அனுமதி தந்தது. விடுதி கட்ட நிலம் இருக்கிறது. தொழிலாளிக்கு மட்டும் 5 சென்ட் பட்டா என்று 2023இல் அரசு அளந்து பேசியது. அந்த மக்கள் கேட்பது, தாங்கள் வாழ்ந்து பயிரிட்டுவரும் முழு நிலத்துக்கும் பட்டா. அதைக் கொடுத்தாக வேண்டும்.