எதிர்ப்பு சக்திக்கு பூஸ்டர் மட்டும் போதுமா?

கொரோனா வந்துட்டுப் போன பிறகு, கடையில் எதை எடுத்தாலும் 'இம்யூனிட்டி பூஸ்டர்'னு எழுதியிருக்கு. எதிர்ப்பு சக்தி எவ்வளவு ஏறுதோ அவ்வளவு நல்லது என்று நாமும் நம்பிவிட்டோம். என்னைக் கேட்டால் அந்த நம்பிக்கையே தப்பு. அதற்கு நம் கண்ணே சாட்சி.

1812-இல் பிரான்ஸில் ஒரு மூன்று வயதுப் பையன், அப்பாவின் தோல் பட்டறையில் விளையாடும்போது ஒரு கண்ணில் கருவி குத்திவிட்டது. ஐந்து வயதுக்குள் அடிபடாத இன்னொரு கண்ணும் போய்விட்டது. அவர்தான் பிரெயில் எழுத்தைத் தந்த லூயி பிரெயில். கண்ணுக்குள் இருக்கும் சில புரதங்களை எதிர்ப்பு மண்டலம் சாதாரணமாகப் பார்ப்பதே இல்லை. ஒரு கண்ணில் ஆழமான காயம் பட்டு அவை வெளியே தெரிந்ததும், எதிரி என்று நினைத்து இரண்டு கண்களையும் தாக்கியிருக்கலாம் என்பது இன்று மருத்துவர்கள் பலர் சொல்லும் விளக்கம்.

காயம் இல்லாமலும் கண்ணை எதிர்ப்பு மண்டலம் தாக்கலாம். யுவெயிட்டிஸ் என்ற கண் அழற்சி பல பேருக்கு அப்படித்தான் வருகிறது. கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம்.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது புரியும். கெயினை ஏற்றிக்கொண்டே போனால் சிஸ்டம் தடுமாறும். அதை அடக்க நெகட்டிவ் ஃபீட்பேக் வேண்டும். உடம்பில் அந்த வேலையைச் செய்பவற்றில் முக்கியமானவை ரெகுலேட்டரி டி செல்கள். 1995-இல் இவற்றை அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. இவை உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 ஜீனை 2001-இல் கண்டுபிடித்தவர்கள் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும். மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அதாவது, பரிசு ஆக்சிலரேட்டருக்கு இல்லை, பிரேக்குக்கு!

யுவெயிட்டிஸுக்குத் தரும் ஸ்டீராய்டும் இப்படி அடக்கும் மருந்துதான். ஆனால் அதை டாக்டர்தான் தரணும். நாமோ கண் சிவந்தாலே 'மெட்ராஸ் ஐ' என்று முடிவு பண்ணி, மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால், சில கிருமித் தொற்றுகள் மோசமாகும். நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி க்ளாக்கோமா வரலாம்.

சிவப்போடு வலி, கூச்சம், மங்கல் சேர்ந்து வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்க. இன்டர்னல் எக்ஸாமை அப்புறம் பார்த்துக்கலாம்.