அச்சத்திற்கு மருந்து அசித்ரோமைசினா?

கொரோனா வைரசால் வருவது. ஆன்டிபயாட்டிக்கோ பாக்டீரியாவைக் கொல்வது. பள்ளி மாணவனும் அறிந்த இப்பாடத்தை 2020-லும் 2021-லும் நம் மருத்துவர் பலர் மறந்தது ஏன்? காய்ச்சல் என்றதும் அசித்ரோமைசின் எழுதினார்களே!

அறியாமை என்று அவர்களைப் பழிக்க நான் ஒருப்படேன். அச்சமே காரணம். படுக்கை இல்லை, சோதனை முடிவு வரத் தாமதம், வாயிலில் கலங்கி நிற்கும் உறவினர். வெறுங்கையோடு அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? "கொடுத்து வைப்போம், கேடில்லை" என்று எண்ணினர்.

பயன் இல்லை; கேடோ உண்டு. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளின் உயிரை அசித்ரோமைசின் காக்கவில்லை என்பதைப் பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வு 2020 டிசம்பரிலேயே காட்டிற்று. அத்தகைய நோயாளிகளுள் 8 விழுக்காட்டினருக்கே பாக்டீரியாத் தொற்றும் இருந்தது. ஆன்டிபயாட்டிக் பெற்றவரோ ஏறத்தாழ 75 விழுக்காடு என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அறிவித்தது. தேவையற்ற மாத்திரை எளிய பாக்டீரியாவை மாய்த்து, மருந்துக்கு மசியாதவற்றுக்கு இடம் விடுகிறது. நாளை நிமோனியா வந்தால் எதைக் கொடுப்பது?

மருத்துவரை மட்டும் குறை கூறிப் பயன் என்ன? தில்லியில் நம் விடுதி அறைகளில் மிச்ச மாத்திரைகள் இன்றும் கைமாறக் காண்கிறேன். நண்பர்களே, கேட்டு வாங்கும் வழக்கத்தை நாம் விடுவோம். "இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம்" என்று சொல்லும் மருத்துவரை மதிக்கக் கற்போம்!