முதுகெலும்பும் பதவி உயர்வும்

கல்லூரி வாத்தியாருக்குப் பதவி உயர்வு கிடைப்பதில் என்ன பிரமாதம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் கைரோபிராக்டிக் கல்லூரிகளில் அது கொஞ்சம் பிரமாதமான சமாசாரந்தான்.

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரி செய்யும் வைத்தியம். காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டி. டி. பால்மர் 1895-இல் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் இதை ஆரம்பித்தார்; 1897-இல் பள்ளிக்கூடமும் வைத்தார். 1906-இல், லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்தாரென்று தகப்பனார் சிறைக்குப் போனார். பள்ளிக்கூடம் மகன் பி. ஜே. பால்மர் கைக்கு வந்தது. மருமகள் மேபல் அங்கே உடற்கூறு சாஸ்திரம் போதித்தார். 1961-இல் மகனும் காலமாக, பேரன் டேவிட் தலைவரானார். பதவி உயர்வுக்கு மனுப் போடும் சிரமமே இல்லை, பாருங்கள்!

இப்போது அப்படியல்ல. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். போதனை, ஆராய்ச்சி, கல்லூரிக்குச் செய்த தொண்டு எல்லாவற்றையும் சக ஆசிரியர் குழு துருவிப் பார்க்கும். இதில் ஆராய்ச்சிதான் தொண்டையில் சிக்கும் முள். இடுப்பு வலிக்கு இந்த வைத்தியம் ஓரளவு பலன் தருவதற்குச் சான்று உண்டு. ஆனால் பால்மர் தம் முதல் நோயாளியின் செவிட்டுத்தனத்தையே போக்கியதாகச் சொன்னாரே, அதற்கெல்லாம் சான்று கிடையாது. ஓர் இளம் ஆசிரியர் இதை ஆராய்ந்து, "ஸ்தாபகர் சொன்னது தப்பு" என்று கட்டுரை எழுதினால்? அதை எடைபோடும் குழுவில் ஸ்தாபகரின் பக்தர்களும் உட்கார்ந்திருக்கக் கூடும்.

நான் அந்தக் குழுவில் இருந்தால் முதல் உயர்வு அவருக்குத்தான். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்!