மணல் நம்முடையது, காந்தம் யாருடையது?

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. சமாரியமும் டிஸ்புரோசியமும் அந்த ஏழில் உண்டு. காந்தம் வந்து சேராமல் இந்திய மோட்டார் தொழில் கையைப் பிசைந்தது. நெல்லைச் சீமைத் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே!

குமரி, நெல்லை, தூத்துக்குடிக் கரை மணலில் மோனசைட் கலந்து கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் 1909-லேயே ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டார். நம் மணல் கப்பலேறியது. ஐரோப்பாவில் காஸ் விளக்காய் எரிந்தது. மண் நமக்கு, வெளிச்சம் அவனுக்கு!

இன்றைய நிலை என்ன? அருமண் காந்தத் தொழிலுக்காக மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வரவேற்கிறோம். ஆனால் அது சூளையில் சுட்டு இறுக்கும் காந்தத்துக்கான திட்டம். நியோடிமியம் காந்தம் அந்த வகை. அது சூட்டைத் தாங்க டிஸ்புரோசியம் சேர்க்க வேண்டும். நம் மோனசைட்டில் அது மிகச் சொற்பம். அப்படியானால் கடிவாளம் யார் கையில்?

இன்னொரு வழி உண்டு. சமாரியமும் இரும்பும் கலந்த பொடியை நைட்ரஜனிலோ அம்மோனியாவிலோ சூடாக்கினால், நைட்ரஜன் அணுக்களின் இடுக்கில் நுழைந்து கொள்ளும். அதுவே சமாரியம் இரும்பு நைட்ரைடு. 1990-ல் டப்ளினிலும் ஜப்பானிலும் வெளிப்பட்ட பொருள் இது. ஏறத்தாழ 470 டிகிரி வரை காந்தத் தன்மை போகாது. டிஸ்புரோசியம் தேவையில்லை, விலை மிகுந்த கோபால்ட்டும் தேவையில்லை. சமாரியம் நம் மோனசைட்டில் உண்டு. நைட்ரஜனோ காற்றிலேயே உண்டு!

குறை இல்லையா? உண்டு. 600 டிகிரியைத் தாண்டினால் சிதைந்துவிடும். எனவே சூளையில் இறுக்க முடியாது. பிளாஸ்டிக்கில் பிணைத்துத்தான் வார்க்க வேண்டும். வலிமை குறையும். ஆனால் சிறு மோட்டாருக்கு அது போதும்.

"காந்தத்தின் பேரால் மறுபடியும் கரையைத் தோண்டுவதா?" என்று மீனவத் தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. தனியார் மணல் கொள்ளையை அவர் மறக்கவில்லை. 2013-ல் தமிழக அரசு அந்த மணல் அள்ளலை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. மோனசைட்டில் கதிர்வீசும் தோரியமும் உண்டு. ஆகவே புதிதாக ஒரு கூடை மணலும் நாம் கேட்கவில்லை. பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். பிரிக்கும் மோனசைட்டில் நியோடிமியத்தோடு சமாரியமும் சேர்ந்தே வருகிறது. அதைத்தான் கேட்கிறோம்.

தாமிரபரணிக் கரைச் சிவகளையில் கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டிலேயே இரும்பு இருந்ததாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. பெருமைதான்! ஆனால் பழைய இரும்பைப் பேசி இன்றைய வயிறு நிறையாது. நைட்ரைடு காந்தத்துக்கும் திட்டத்தில் இடம் தருக! அதன் ஆலையைப் பொதுத்துறையில், நெல்லையில் அமைத்திடுக! கரையோரத்துப் பிள்ளைகளுக்கே முதல் வேலை தருக!

மணல் கொடுத்தது போதும். இனி காந்தம் செய்வோம்!