ஆன்ட்டிவைரஸ் திறக்கலையா? உடனே ஃபார்மேட்டுன்னு ஓடாதீங்க!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி சமாச்சாரம். புலம்பலும் கலந்துதான் இருக்கும், பொறுத்துக்கோங்க :-)

வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆன்ட்டிவைரஸ் ஐகானை ரெண்டு தட்டு தட்டுறீங்க. வட்டம் ஒரு சுத்து சுத்துது, நின்னுடுது. ஒண்ணும் வரலை. திரும்பத் தட்டினா அதே கதை. இதுக்கு நம்ம ஆளுங்க ரெண்டே விதமாத்தான் நடந்துக்குறாங்க. ஒண்ணு, "மத்ததெல்லாம் நல்லாத்தானே ஓடுது, விடு"ன்னு அதே பொட்டியில நெட் பேங்கிங் பண்ண உக்காந்துடுறது. இன்னொண்ணு, சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போறது. அங்க கேஸ் என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடியே தீர்ப்பு ரெடி: "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்".

என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பு. அதுல முதலாவது ரொம்பப் பெரிய தப்பு.

ஏன்னா, திருடன் வீட்டுக்குள்ள வந்ததும் முதல்ல ஆப்பு வைக்கிறது காவல்காரனுக்குத்தான். 2008 நவம்பர்ல கிளம்பின கான்ஃபிக்கர் புழு ஞாபகம் இருக்கா? பொட்டிக்குள்ள நுழைஞ்ச உடனே விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தும், ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகளோட தளங்கள் எதுவும் திறக்காம பண்ணிடும். மத்த தளமெல்லாம் ஜோரா வரும். அதையே வெச்சு 2009ல ஒரு சோதனைப் பக்கம் போட்டாங்க. பாதுகாப்புக் கம்பெனிகளோட படங்கள் அந்தப் பக்கத்துல தெரிஞ்சா தப்பிச்சீங்க, தெரியலைன்னா மாட்டினீங்க. இத்தனைக்கும் அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை 2008 அக்டோபர்லயே மைக்ரோசாஃப்ட் கொடுத்தாச்சு. போட்டுக்கத்தான் ஆளில்லை.

இன்னொரு தில்லாலங்கடியும் உண்டு. "இந்தப் பேருல ஒரு புரோகிராமைத் திறந்தா, அதுக்குப் பதிலா வேற ஒண்ணைத் திற"ன்னு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில எழுதி வைக்க ஒரு இடம் இருக்கு. புரோகிராம் எழுதறவங்க பிழை தேடறதுக்காக வெச்சது. வைரஸ்காரங்க அங்க ஆன்ட்டிவைரஸோட பேரை எழுதிடுவாங்க. நீங்க விடிய விடியத் தட்டினாலும் அது வராது. அதனாலதான் அந்தக் காலத்துல ஃபைலோட பேரை மாத்தித் திறந்து பாருன்னு சொல்லுவாங்க. பேரு மாறினதும் சமர்த்தா திறந்துக்கும்!

அதுக்காக எல்லாமே வைரஸ் வேலைன்னும் நினைக்காதீங்க. காவல்காரனே கவுத்த கதையும் இருக்கு. 2010 ஏப்ரல் 21ல மெக்காஃபி அனுப்பின ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த ஃபைல் ஒண்ணையே வைரஸ்னு நினைச்சுப் பிடிச்சிடுச்சு. உலகம் முழுக்க ஏகப்பட்ட பொட்டிங்க திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி, நெட்டும் இல்லாம முழிச்சுது.

சரி, என்ன பண்ணலாம்? நான் சொல்ற வரிசை இதுதான்.

1. முதல்ல நெட்டைப் பிடுங்குங்க. காரணம் தெரியற வரைக்கும் அந்தப் பொட்டியில பேங்க், மெயில் எதுக்கும் பாஸ்வேர்ட் அடிக்காதீங்க.

2. மூலையில தேதி சரியா இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க. பழைய டெஸ்க்டாப்ல மதர்போர்டு மேல இருக்கிற காசு சைஸ் பேட்டரி தீர்ந்துபோனா, தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். ஆன்ட்டிவைரஸ் லைசென்ஸும் அப்டேட்டும் குழம்பிப்போகும். சின்ன பேட்டரி, சின்னச் செலவு.

3. ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணாதீங்க, "ரீஸ்டார்ட்" கொடுங்க. விண்டோஸ் 8லேர்ந்து சீக்கிரம் ஆன் ஆகணும்னு, ஷட்டவுன்ல பாதி விஷயத்தை அப்படியே தூங்க வெச்சிடுறாங்க. ரீஸ்டார்ட்தான் முழுசாக் கழுவி விடும்.

4. ரெண்டு ஆன்ட்டிவைரஸ் இருக்கான்னு பாருங்க. லேப்டாப்போட வந்த ட்ரையல் ஒண்ணு, மச்சான் போட்டுக் கொடுத்தது ஒண்ணு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சந்தேகப்பட்டு மல்லுக்கட்டும். ஒண்ணை எடுத்துடுங்க. பாதி அழிஞ்ச மிச்சமும் தொல்லை கொடுக்கும். அதை முழுசா நீக்க பெரிய கம்பெனிகள் தனியா ஒரு கருவியே தராங்க, அவங்க தளத்துலேர்ந்து மட்டும் இறக்குங்க.

5. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தா, உங்க ஐ.டி. அட்மினிஸ்ட்ரேட்டர் இதைக் கட்டுப்படுத்தியிருக்கார்னு வருதா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா ஐ.டி. அட்மினிஸ்ட்ரேட்டர்? ஆபீஸ் லேப்டாப்பா இல்லாம சொந்தப் பொட்டியில இப்படி வந்தா, யாரோ செட்டிங்கை மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். நீங்களோ, கடைக்காரரோ, வைரஸோ.

6. இப்பத்தான் முக்கியமான வேலை. டிஃபென்டர்லயே "ஆஃப்லைன் ஸ்கேன்"னு ஒண்ணு இருக்கு. பொட்டியை ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே தேடும். சுமார் 15 நிமிஷம் ஆகும். திருடன் தூங்கும்போது தேடுறதால அவனால மறைஞ்சுக்கவோ தடுக்கவோ முடியாது. டிஃபென்டரே திறக்கலையா? வேற நல்ல கம்ப்யூட்டர்ல ஒரு ஆன்ட்டிவைரஸ் கம்பெனியோட ரெஸ்க்யூ பென் டிரைவ் தயார் பண்ணி, அதுலேர்ந்து பொட்டியை பூட் பண்ணி ஸ்கேன் பண்ணுங்க.

7. இதுக்கும் மசியலைன்னா, அப்ப ஃபார்மேட். அதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லாம் காப்பி எடுத்துடுங்க. புரோகிராம் ஃபைல்களை எடுக்காதீங்க, வைரஸும் கூடவே குடிவந்துடும். அப்புறம் வேற போன்லேர்ந்தோ கம்ப்யூட்டர்லேர்ந்தோ எல்லா பாஸ்வேர்டையும் மாத்துங்க.

ஃபார்மேட் ஏன் கடைசியில வருதுன்னா, அது பாதுகாப்பு இல்லைங்கிறதால இல்லை. முழுசாத் துடைச்சுப் போடறதுதான் ரொம்பச் சுத்தமான வழி, ஒத்துக்குறேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இப்படித்தான் கடையில கொடுத்தார். "சி டிரைவ் மட்டும்தான் சார்"னு சொன்னவங்க மொத்த டிஸ்க்கையும் துடைச்சுக் கொடுத்தாங்க. அவர் சம்சாரம் இறந்து ரெண்டு வருஷம் ஆகுது. அந்தம்மாவோட குரல் இருந்த வீடியோ அந்தப் பொட்டியில மட்டும்தான் இருந்துது. பில்லு மட்டும் கரெக்டா வந்துது. இனிமே கடைக்குக் கொடுக்குறதுன்னா காப்பியைக் கையில வெச்சுக்கிட்டுக் கொடுங்க.

இப்ப என் உண்மையான கோபத்துக்கு வரேன். நம்ம ஊர் வீட்டுப் பொட்டிங்கள்ல காவல்காரனை வெளிய அனுப்புறது பெரும்பாலும் வைரஸே இல்லை, நாமதான்! ஐநூறு ரூபாய்க்கு "எல்லா சாஃப்ட்வேரும்" போட்டுத் தரேன்னு ஒருத்தர் வருவார். அவர் பென் டிரைவ்ல இருக்கிற கிராக்கோட குறிப்புல முதல் வரியே "ஆன்ட்டிவைரஸை நிறுத்திட்டு இதை ஓட்டவும்"னுதான் இருக்கும். கதவைத் திறந்து வெச்சு, நாயைக் கட்டிப்போட்டு, முன்பின் தெரியாத ஆளை உள்ள விட்டுட்டு, அப்புறம் நாய் குரைக்கலைன்னு குத்தம் சொன்னா எப்படிங்க?

அதைவிடக் கொடுமை, காசு கட்டி ஆன்ட்டிவைரஸ் வாங்கினாத்தான் தப்பிக்க முடியும்னு பயமுறுத்தறது. 2012ல வந்த விண்டோஸ் 8லேர்ந்து டிஃபென்டர் கூடவே இலவசமா வருது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அதுவும், ஒழுங்கான அப்டேட்டும், கிராக் போடாத கையும் போதும்ங்கிறது என் கட்சி. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதுல இன்னும் இருக்கிறவங்க வேற வழி பாக்க வேண்டிய நேரம் இது.

திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடிச்சு, "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு வந்தா கூப்பிடவே கூப்பிடாதீங்க. எந்த உண்மையான ஆன்ட்டிவைரஸும் போன் நம்பர் காட்டிக் கூவாது. மாட்டிக்கிட்டு காசு போயிடுச்சுன்னா, வெட்கப்படாம உடனே 1930க்குப் போடுங்க. சைபர் குற்றப் புகாருக்குன்னே இருக்கிற எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு.

டிஸ்கி: இதைப் படிச்சு முடிச்சதும் ஸ்கேன் அப்புறம் பண்ணிக்கலாம். முதல்ல ஒரு பென் டிரைவை எடுத்து வீட்டு போட்டோவையெல்லாம் காப்பி பண்ணுங்க. வைரஸுக்கு மருந்து எப்ப வேணா கிடைக்கும், போன வீடியோ திரும்பக் கிடைக்காது.