மானிட்டர் வாங்கப் போறீங்களா?

கேம் ஆட மானிட்டர் கேட்டால் கடைக்காரர் "4கே எடுங்க தம்பி" என்பார். உடனே தலையாட்டலாமா?

கணக்குப் போடுவோம். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே-யில் 82,94,400. சரியா நாலு மடங்கு! அத்தனையும் வரையணும் என்றால் நம்ம சாதாரண கிராபிக்ஸ் கார்டு திணறிப் போகும். புள்ளி குறைஞ்சா கார்டு வேகமா வரையும். அப்போதுதான் 144 ஹெர்ட்ஸுக்குப் பலன். 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம், 144-ல் 6.9-க்கு ஒன்று. ஓடுகிற எதிரி தெளிவாத் தெரிவான்.

பேனல்? விஏ-யில் கறுப்பு அழகு. ஆனால் இருட்டுக் காட்சியில் நிழல் இழுக்கும். ஓஎல்இடி அருமை, விலைதான் எட்டாது. நமக்கு ஐபிஎஸ் போதும்.

என்னைப்போல் வீட்டில் முதன்முதலாய்ப் படிக்க வந்தவனுக்கு ஒவ்வொரு ரூபாயும் அப்பாவின் வியர்வை. அதை விளம்பரத்துக்கா கொடுப்பது? படிச்ச கணக்கைக் கடையிலும் போடுவோம்!

– இரண்டாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு