பின்பக்கப் பெட்டிக்கு ஓர் அளவு சொல்லுங்கள்

போன மாசியில் ஒரு நாள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இஞ்சிவிளையில் இருக்கும் என் பட்டறை வாசலில் வெள்ளை டிராவலர் வேன் ஒன்று வந்து நின்றது. டி.என். 74, நாகர்கோவில் எண். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். வேனுக்குள் கட்டில், அடுப்பு, சின்ன பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தது. வீட்டு வண்டியாகவே முறைப்படி பதிவு செய்திருந்தார்கள். ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். ஆனால் கட்டிலில் படுக்க இடமில்லை. மடக்கு நாற்காலி இரண்டு, சுருட்டிய தார்ப்பாய், தண்ணீர்க் குழாய், சேறு அப்பிய செருப்புகள் எல்லாம் மெத்தைமேல் ஏறிக் கிடந்தன.

"பின்னால ஒரு பெட்டி வச்சுத் தாங்க தம்பி. கடையில வெளிநாட்டுச் சாமான் விலை கேட்டா தலை சுத்துது" என்றார் அந்த அம்மா.

வெட்டி ஒட்டிச் செய்து கொடுப்பது எனக்கு ஒரு நாள் வேலை. பார்த்து எழுதிய கணக்கில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனாலும் அன்று நான் உடனே தலையாட்டவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருபத்தெட்டு வருடமாக வெல்டிங் பிடிக்கிறவன். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை இங்கே கேரளத்திலேயே நின்றது. அந்த எல்லைக் கோடு எங்கள் வீட்டுப் பேச்சை மாற்றவில்லை, வண்டி எண்ணை மட்டும் மாற்றியது. பாறசாலைக்காரர் கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்காரர் கே.எல். 20, மார்த்தாண்டத்துக்காரர் டி.என். 75. எல்லாரும் என் பட்டறைக்கு வருகிறார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: வண்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இடம்.

நான் முதன்முதலில் செய்த பின்பக்க ஸ்டாண்டு வேனுக்கு அல்ல, மீனுக்கு. பொழியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மீன்கார அம்மா மகனையும் ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸெல்லையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாளையும் நெத்திலியும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றவர். "பஸ்ஸுல ஏத்த மாட்டேங்கானுவ மக்கா. மீன் நாறுதாம். திங்கும்போ மட்டும் நாறாதாம்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தார். எல் ஆங்கிள் கம்பியில் ஒரு சட்டம், அதன்மேல் மீன் பெட்டி, கட்டுவதற்கு சைக்கிள் ட்யூப். அன்று வாங்கிய கூலி இப்போது நினைவில்லை. அந்தப் பேச்சு நினைவிருக்கிறது.

அவர் சொன்னது பழங்கதை என்று யாராவது நினைத்தால், 2021 டிசம்பரை நினைத்துக்கொள்ளலாம். குளச்சலில் வயதான மீன்கார அம்மா ஒருவரை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்களுக்குப் பணி இடைநீக்கம் வந்தது. அதே 2021இல் கேரளம், திருவனந்தபுரம் கடற்கரையின் மீன்காரப் பெண்கள் காசில்லாமல் சந்தைக்குப் போக 'சமுத்ரா' என்ற பேருந்தை விட்டது. பேருந்தில் இடமில்லாதவர்கள் எத்தனையோ வருடமாக இரண்டு சக்கர வண்டியின் பின்னால் தங்களுக்கு இடம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இடத்தை என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள் சட்டம் கேட்காமல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆக, வண்டிக்குப் பின்னால் பெட்டி என்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். ஈரம், சேறு, நாற்றம் இவற்றை மனிதன் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கிற ஏற்பாடு அது. மீன்கார அம்மாவுக்கும் நாகர்கோவில் அம்மாவுக்கும் தேவை ஒன்றேதான்.

அந்தத் தேவையைச் சரியாகச் செய்ய ஒரு கணக்கு இருக்கிறது. கடப்பாரையால் கல் நெம்பியவர்களுக்கு அது புரியும். வேனின் பின் அச்சுதான் முட்டுக்கல். அதற்குப் பின்னால் எதை வைத்தாலும், அது பின் சக்கரத்தை அழுத்துவதோடு நிற்காமல் முன் சக்கரத்தைத் தூக்கும். அந்த டிராவலரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,350 மில்லிமீட்டர். அதில் பாதி, 1,675 மில்லிமீட்டர், பின் அச்சைத் தாண்டிப் பெட்டியின் நடுப்பகுதி வருகிறது என்று வைப்போம். ஸ்டாண்டும் பெட்டியும் சாமானும் சேர்த்து 60 கிலோ. பின் அச்சு 60 கிலோ சுமக்காது, 90 கிலோ சுமக்கும். மிச்ச 30 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்திலிருந்து எடுத்தது. ஸ்டியரிங் இலேசாகும், முன் பிரேக்குக்குப் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். தேசிய நெடுஞ்சாலை 66இல் நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நாளில் இறங்கும்போதுதான் அந்த 30 கிலோவின் அருமை தெரியும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த நாலாம் வருடமோ ஐந்தாம் வருடமோ, ஒரு வேனுக்கு ஸ்டாண்டை நேராகப் பின் பம்பரில் ஒட்டிக் கொடுத்தேன். பம்பர் இடி வாங்கச் செய்தது, எடை தாங்கச் செய்ததல்ல. அது அன்று எனக்கு உறைக்கவில்லை. வாங்கிப்போனவர் இரண்டு தண்ணீர்க் கேன்களை அதில் ஏற்றினார். பாலராமபுரம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஒட்டு விட்டுப்போய் கேன் இரண்டும் நடுரோட்டில் உருண்டன. பின்னால் வந்த பைக்குக்காரர் ஒடித்துத் திருப்பி மண்ணில் இறங்கி நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது வேறு மாதிரி. எடை முழுதும் சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களில்தான் இறங்க வேண்டும். அதிலும் சேஸிஸில் நெருப்பு வைக்க மாட்டேன், சூடுபட்ட இடத்தில் இரும்பு பலம் இழக்கும். கம்பெனி விட்ட ஓட்டைகளிலேயே பிளேட் வைத்து 12 மில்லிமீட்டர் ஹைடென்சில் போல்ட், கழன்று போகாத நைலாக் நட். சட்டத்துக்கு 40க்கு 40 சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். ரெட் ஆக்சைடு இரண்டு கை. கடல் காற்று அடிக்கிற ஊரில் அதை விட்டால் இரண்டாம் மழைக்குத் துரு எடுக்கும். ஒரு பக்கம் கீல் வைத்துவிட்டால் பின் கதவைத் திறக்கச் சட்டம் விலகும். பெட்டி மூடிக்கு ரப்பர் பட்டை கட்டாயம், ஓடும் வேனின் முதுகில் காற்று சுழன்று ரோட்டுத் தூசியை எல்லாம் உள்ளே இழுக்கும். ஸ்டாண்டு மட்டும் இருபத்திரண்டு கிலோ வரும். மிச்சம் முப்பத்தெட்டு கிலோதான் பெட்டிக்கும் சாமானுக்கும்.

என்ன வைக்கலாம் என்பதிலும் பிடிவாதம் உண்டு. பின்னால் போவது பருமனான, இலேசான, அழுக்கான சாமான்: நாற்காலி, தார்ப்பாய், குழாய், கயிறு, செருப்பு. தண்ணீரும் பேட்டரியும் உள்ளே, தாழ்வாக, இரண்டு அச்சுக்கும் நடுவே. கேஸ் சிலிண்டரும் பெட்ரோல் கேனும் பின்னால் கூடவே கூடாது. பின்னால் ஒரு லாரி முட்டினால் முதலில் நசுங்குவது அந்த இடம்தான்.

இதெல்லாம் ஒரு பட்டறைக்காரனின் விதி. அரசின் விதி என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்துத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே 2019இல் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. கண்டபடி டயரை அகலப்படுத்தி, சைலன்சரை அறுத்து, கண் கூசும் விளக்கு மாட்டி வரும் வண்டிகளைத் தினம் பார்க்கிறவன் நான். அந்தத் தீர்ப்பின்மேல் எனக்கு வருத்தமில்லை.

2021 ஆகஸ்டில், வேனை வீடாக்கி ஊர் சுற்றிய யூடியூப் சகோதரர்கள் இருவரின் வண்டியைச் சட்டவிரோத மாற்றம் என்று கண்ணூரில் பிடித்தார்கள். அடுத்த மாதமே கேரள அரசு 'கேரவன் கேரளம்' என்று வீட்டு வண்டிச் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வண்டிகள் நிற்கும் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டிக்கு இடம் என்று அளவெல்லாம் சொன்னார்கள். நல்லதுதான். வண்டி நிற்க வேண்டிய நிலத்துக்கு அளவு கிடைத்தது. ஆனால் அந்த வண்டியில் வருகிறவர் ஈரத் தார்ப்பாயை எங்கே வைப்பார்?

நான்கு போல்ட் கழற்றினால் கையோடு வந்துவிடும் ஸ்டாண்டு, வண்டியின் மாற்றமா, வண்டி ஏற்றிய சாமானா? இந்தக் கேள்வியை எல்லையின் இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் "அது கேரியர், ஒன்றும் ஆகாது" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "பிடித்தால் பிடித்ததுதான்" என்றார்கள். இரண்டு பேரும் ஒரே மத்தியச் சட்டத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். வண்டியின் பின் நீட்சி அச்சிடைத் தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய விதி இருக்கிறது. அந்த டிராவலருக்கு அது 2,010 மில்லிமீட்டர். அதைத் தாண்டாமல் செய்வது என் பொறுப்பு, செய்கிறேன். ஆனால் அதற்குள் எத்தனை கிலோ, எப்படிப் பூட்டுவது, பெட்டி மறைத்தால் எண் பலகையையும் விளக்கையும் எங்கே வைப்பது என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

முடியாத காரியம் ஒன்றும் கேட்கவில்லை. முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். 2020இல் மத்திய அரசு மோட்டார் சைக்கிள் பெட்டிக்கு அளவு எழுதியது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பின்னிருக்கையில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டும் போகலாம், இருக்கைக்குப் பின்னால் வைத்தால் இரண்டாம் ஆளும் ஏறலாம். சாப்பாடும் பார்சலும் கொண்டுபோகும் பிள்ளைகள் பெருகிய காலத்தில் இப்படி மூன்று எண்ணும் ஒரு வரியும் எழுத முடிந்தது. அன்றிலிருந்து என் பட்டறைக்கு வருகிற மீன்காரரிடம் நான் டேப்பைப் பிடித்துக் காட்டிப் பேச முடிகிறது. அவரும் வாதாடாமல் கேட்கிறார்.

வேனுக்கும் அதுபோல எழுதித் தாருங்கள். கழற்றி மாட்டும் பின்பக்க ஸ்டாண்டுக்கு இத்தனை கிலோ, இத்தனை நீட்சி, சேஸிஸில் மட்டும் பூட்டு, விளக்கும் எண் பலகையும் மறைந்தால் வெளியே இன்னொரு செட். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு தடவை காட்டினால், ஏழை எளியவர் கட்டக்கூடிய ஒரு கட்டணத்தில் ஒரு சீட்டு. மத்திய விதியாக வந்தால் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் செல்லுபடியாவது கேரளத்துப் பாறசாலையிலும் செல்லும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். காசுள்ளவர் கம்பெனிப் பெட்டியை மாட்டி நிம்மதியாகப் போவார். இல்லாதவர் ராத்திரியில் ஏதாவது பட்டறையில் பம்பரில் ஒட்டிக்கொண்டு போவார். உருளும் கேனுக்குப் பின்னால் வருகிற பைக்குக்காரர் தினமும் மண்ணில் பத்திரமாக இறங்கிவிடுவார் என்று சொல்ல முடியாது.

அந்த டிராவலருக்குக் கடைசியில் செய்துதான் கொடுத்தேன். விளக்கும் எண் பலகையும் வெளியே எடுத்து மாட்டினேன். வேலை முடிந்ததும் பட்டறைச் சுவரைக் காட்டினேன். அங்கே சாக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்: மொத்தம் 60 கிலோ. சேஸிஸ் மட்டும். சிலிண்டர் கூடாது. வங்கிக்காரர் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டலாமாம்.

அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல முத்திரை இல்லையே தம்பி" என்றார்.